கப்பலோட்டியது ஒரே ஒரு தமிழனா? வ.உ.சி. கதையில் நாம் கவனிக்காமல் விட்ட கூட்டாளிகள்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போனால், ஆறுமுகநேரியை ஒட்டி சாகுபுரம் வரும். உப்பளங்களுக்கு நடுவே ஒரு பெரிய கெமிக்கல் ஆலை, அதைச் சுற்றி குடியிருப்பு. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிற வேலை ஷிஃப்ட் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் முடித்த இடத்திலிருந்து இன்னொருத்தர் தொடங்குவார். வாரத்தில் ஒரு நாள் லீவு என்பது அங்கே யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத சாதாரண விஷயம்.

அதே ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே, தூத்துக்குடியில், 1908ஆம் ஆண்டு அந்த லீவு சாதாரணமாக இல்லை. கூலி உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கேட்டு ஒரு பஞ்சாலைத் தொழிலாளர்கள் 9 நாள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஜெயித்தும் காட்டினார்கள். அந்தக் கதையில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று: வ.உ.சிதம்பரனார்.

கப்பலோட்டிய தமிழன் என்று ஸ்கூல் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். ம.பொ.சிவஞானம் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. 1961இல் பி.ஆர்.பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த படத்துக்கும் அதே தலைப்பு வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கப்பல் ஒருமை, தமிழனும் ஒருமை. உண்மையில் கப்பல்கள் இரண்டு. ஓட்டியவர்களோ ரொம்பப் பேர்.

ஒட்டப்பிடாரத்திலிருந்து வந்த வக்கீல்

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி. பள்ளிப் படிப்பு ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும். திருச்சியில் சட்டம் படித்து, ஊருக்கே திரும்பி வந்து வக்கீல் தொழில் ஆரம்பித்தார். 1900 வாக்கில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். நல்ல வருமானம், ஊரில் பெயர், தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த ஈடுபாடு. அப்படியே இருந்திருந்தால் வசதியான வக்கீலாக வாழ்ந்து முடித்திருப்பார்.

அன்றைய தூத்துக்குடியின் முக்கியத்துவம் இன்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போகும் பாதை 1914இல்தான் வந்தது. அதற்கு முன்பு சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் ரயில் ஏறி தூத்துக்குடி வந்து, இங்கே கப்பல் பிடிப்பதுதான் வழக்கம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலியாட்களும், சரக்கோடு போகிற வியாபாரிகளும், சொந்தம் பார்க்கப் போகிறவர்களும் இதே வழியில்தான் போனார்கள். அந்தக் கடல்வழி முழுக்க ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜென்ட் ஏ. அண்ட் எஃப். ஹார்வி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1905இல் வங்கப் பிரிவினை. அதைத் தொடர்ந்து நாடு முழுக்கச் சுதேசி இயக்கம். அந்நியத் துணியை எரிப்பது பல ஊர்களில் நடந்தது. தூத்துக்குடியில் துணியை விடப் பெரிய விஷயம் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது.

ஒரு பங்கு 25 ரூபாய்

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. முதலீட்டு இலக்கு 10 லட்சம் ரூபாய். பங்குகள் 40,000, ஒவ்வொன்றும் 25 ரூபாய். ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம்.

இந்த எண்களில் ஒரு யோசனை இருக்கிறது. 10 லட்சம் திரட்ட 10 ஜமீன்தார்களிடம் போயிருக்கலாம். கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். அதற்குப் பதில் 25 ரூபாய் என்று வைத்ததால் ஒரு சின்னக் கடைக்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோகூட, கஷ்டப்பட்டாவது, கப்பலில் ஒரு பங்கு நமக்கும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இன்றைக்குக் கிரவுட் ஃபண்டிங் என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்போது அதற்கு ஒரே ஆப், கால்நடையாகவும் ரயிலிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது.

கம்பெனியின் தலைவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவியவர் இவர்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை எடுத்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மொத்த முதலீட்டு இலக்கில் ஐந்தில் ஒரு பகுதி! இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாரதியார் தன் ‘இந்தியா’ பத்திரிகையில் கம்பெனிக்காகத் தொடர்ந்து எழுதினார். திலகர் போன்ற வடநாட்டுத் தலைவர்களின் ஆதரவும் கிடைத்தது.

இத்தனைக்கும் காகிதத்தில் வ.உ.சி.யின் பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர்.

கம்பெனி ஆரம்பித்தாகிவிட்டது, ஆனால் கப்பல் இல்லை. முதலில் வாடகைக் கப்பல்களை வைத்துதான் ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி சும்மா இருக்குமா? கப்பல் கொடுத்தவர்களுக்கு நெருக்கடி கொடுத்தது, வாடகை ஒப்பந்தம் முறிந்தது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறு கப்பல் பிடித்து வந்தார். வாடகைக் கப்பலை நம்பினால் எப்போது வேண்டுமானாலும் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று புரிந்தது. சொந்தக் கப்பல் வாங்கியே ஆக வேண்டும்.

சினிமாவில் நாம் பார்த்து உருகும் காட்சி இங்கேதான் வருகிறது. மூத்த மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பமாக இருக்கிறார். அந்த நேரத்தில் வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்புகிறார். திரும்பினால் கப்பலோடு, இல்லாவிட்டால் கடலில் விழுந்துவிடுவேன் என்கிற சபதம். எஸ்.எஸ். காலியாவோடு திரும்பினார். இதையெல்லாம் படம் நன்றாகக் காட்டும். ஆனால் இரண்டாவது கப்பலான எஸ்.எஸ். லாவோ எப்படி வந்தது? பிரான்ஸ் வரைக்கும் போய் அதை வாங்கி வந்தவர் கம்பெனியைச் சேர்ந்த எஸ்.வேதமூர்த்தி. அந்தப் பயணத்துக்கு நம் நினைவில் ஒரு சீன் கிடையாது.

1907 மே மாதம் இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக் கடலில் நின்றன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் போகலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

ஒரு சின்ன விஷயம். அன்றைய தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கே வராது. கடல் ஆழம் குறைவு என்பதால் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ஆட்களையும் மூட்டைகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அதாவது தோணிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒத்துழைக்காவிட்டால், சொந்தக் கப்பல் என்பது தூரத்தில் தெரிகிற ஒரு புகை. அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரைக்கு இது புது விஷயம் இல்லை. இங்கே முத்துக்குளித்த காலத்தில், காலில் கல்லோடு ஒருவர் கீழே இறங்கினால், மேலே படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுவார்கள் என்று சொல்வது உண்டு. அக்கா தங்கச்சியின் தாலி ஆச்சே, கையை விட மாட்டான்!

இலவச டிக்கெட், கூடவே குடை

சுதேசிக் கப்பல் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பி.ஐ. கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு வந்தது. அடுத்து வெள்ளைக்காரக் கம்பெனி காசே வேண்டாம் என்றது, போதாததற்குப் பயணிகளுக்குக் குடையும் இனாமாகத் தந்தது என்று வ.உ.சி. வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆஃபர் போட்டு எதிராளியைக் காலி செய்யும் வித்தை இன்றைக்கு நேற்று வந்ததில்லை.

இதில் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுதேசிக் கம்பெனி தாக்குப்பிடித்திருக்கவே கூடாது. ஒரு பக்கம், நஷ்டத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்குகிற பெரிய கம்பெனி. இன்னொரு பக்கம், 25 ரூபாய் 25 ரூபாயாகச் சேர்த்த முதல். இலவசமாகப் போகலாம் என்றபோதும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள்தான் அதை மிதக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கோரல் மில்: ஊரே சேர்ந்த 9 நாள்

ஹார்வி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னோம் இல்லையா? பி.ஐ. கம்பெனியின் ஏஜென்ட்டான அதே ஹார்விகள்தான் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் நடத்தினார்கள். 1888இல் தொடங்கிய பஞ்சாலை. நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, வார லீவு கிடையாது. சின்னப் பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள்.

1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். வத்தலகுண்டுக்காரர், இளைஞர், மேடை ஏறினால் தீ. வ.உ.சி. அவருக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். இருவரும் கடற்கரையில் தினம் தினம் கூட்டம் போட்டார்கள். வக்கீலின் நிதானமும் சிவாவின் வேகமும் சேர்ந்த ஜோடி. அந்தக் கூட்டங்களுக்கு மில் தொழிலாளர்களும் வந்தார்கள்.

பிப்ரவரி 27 அன்று கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள்: கூலி உயர்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, மற்ற விடுப்புகள்.

அன்றாடக் கூலிக்காரர்கள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று இரவு அடுப்பு எரியாது. எந்த வேலைநிறுத்தமும் முதலில் உடையும் இடம் அதுதான். முதலாளிக்கும் அது தெரியும், பேசாமல் காத்திருந்தாலே போதும். வ.உ.சி. இங்கே செய்த வேலை பேச்சு அல்ல, ஏற்பாடு. ஊரில் நிதி திரட்டினார். பல தொழிலாளர்களுக்கு மில் திறக்கும் வரை வேறு வேலை பார்த்துக் கொடுத்தார். கடைக்காரர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் கை கொடுத்தார்கள்.

அடுத்து நடந்ததை யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது. வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்க மாட்டோம் என்று கடைகளில் கை விரித்தார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய வக்கீல் ஒருவர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பாதி மழித்திருந்த நிலையில் அவர் யார் பக்கம் என்று நாவிதருக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை மடித்துவிட்டுப் போய்விட்டார். பாதித் தாடியோடு அந்த மனிதர் என்ன பாடுபட்டாரோ! இந்தக் கதை நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருப்பதற்குச் சிரிப்பு மட்டும் காரணம் இல்லை. சவரக் கத்தியைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாத ஒருவர், ஆலை முதலாளிக்கு எதிரான போராட்டத்தில் தன் பங்கைச் செய்த தருணம் அது. ஊரில் இருந்த ஐரோப்பியர்கள் சிலர் பயந்துபோய் இரவில் கப்பலில் போய்ப் படுத்தார்கள்.

9 நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இதைப் பார்த்து ஊரில் இருந்த மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குக் கூலியை உயர்த்தின. கல்கத்தாவில் அரவிந்தர் நடத்திய ‘வந்தே மாதரம்’ பத்திரிகை தூத்துக்குடியைப் பாராட்டி எழுதியது.

அவர் இல்லாமல் நடந்த வேலைநிறுத்தம்

வெற்றி கிடைத்த வாரமே கைதும் வந்தது. வங்கத் தலைவர் விபின் சந்திர பால் மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையாவதைக் கொண்டாட வ.உ.சி.யும் நண்பர்களும் ஏற்பாடு செய்தார்கள். திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச் அதை விரும்பவில்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடின. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

இந்த இரண்டாவது வேலைநிறுத்தம்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். முதல் தடவை கேட்டது கூலியும் லீவும். இந்தத் தடவை சொந்தக் கோரிக்கை எதுவும் இல்லை. இப்போதுதான் கிடைத்த கூலி உயர்வைப் பணயம் வைத்து, கைதான மூவருக்காக நின்றார்கள். பேசி அழைக்க வ.உ.சி. வெளியே இல்லை, சிவாவும் இல்லை. திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்து பம்பாய்த் தொழிலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தம் 1908 ஜூலையில். தூத்துக்குடி அதற்கு நாலு மாதம் முந்திக்கொண்டது. இந்தியாவின் ஆரம்பகால அரசியல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

அரசாங்கமும் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்காக வ.உ.சி.க்கு 20 வருடம். அதோடு முடியவில்லை, இன்னொரு 20 வருடம். எதற்கு? சிவாவுக்குத் துணை நின்றதற்கு. வீட்டில் இடம் கொடுத்து, சோறு போட்டு, மேடையில் பக்கத்தில் நின்றதற்கு. மொத்தம் 40 வருடம், அப்போது அவருக்கு வயது 35. சிவாவுக்கு 10 வருடம்.

தான் பேசியதும் இன்னொருவருக்குத் துணை நின்றதும் அந்தக் கோர்ட்டின் தராசில் ஒரே எடை. ராஜ்ஜியத்துக்கு எது ஆபத்து என்று பின்ஹேவுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

உள்ளே அவர், வெளியே கம்பெனி

மேல்முறையீட்டில் தண்டனை 6 வருடமாகக் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் மாடு போல செக்கு இழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணூர் சிறை. அங்கேயும் எழுத்து நிற்கவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்த்தார், ‘மெய்யறம்’ எழுதினார். அண்ணன் கைதான அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநலம் பாதித்தது. குடும்பம் வறுமையில் விழுந்தது.

கம்பெனி? அவர் போனதும் தள்ளாட ஆரம்பித்தது. கட்டணப் போரில் ஏற்பட்ட நஷ்டம், அரசின் கெடுபிடி, பயந்துபோன பங்குதாரர்கள். 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்கள் போட்டியாளர்களிடமே போய்ச் சேர்ந்தன. எந்தக் கம்பெனியை எதிர்த்து ஊர் ஊராகப் பங்கு விற்றார்களோ, அந்தப் பக்கத்துக்கே கப்பல் போனது என்பது சிறைக்குள் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

பங்குதாரர்களைத் திட்டுவது சுலபம். அவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் ராஜத்துரோக வழக்கில் 40 வருடம் என்ற தீர்ப்பைப் பேப்பரில் படித்த ஒரு சின்ன வியாபாரியின் இடத்தில் இருந்து பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், டைரக்டர்கள் இருந்தார்கள். உதவிச் செயலாளர் ஒருவர் உள்ளே போனதும் கம்பெனி ஏன் நின்றது? பங்கு விற்றது அவர், கப்பல் தேடி அலைந்தது அவர், கட்டணப் போருக்கு முகம் கொடுத்தது அவர். பணத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது, வேலையில் அப்படி இல்லை. ஒரே ஆளுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த ஆபீஸ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன.

கோரல் மில் தொழிலாளர்களிடம் 25 ரூபாய்ப் பங்குப் பத்திரம் கிடையாது, பதவி கிடையாது. ஆனால் அவர் இல்லாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் கட்டிய இரண்டு கூட்டங்களில் எது உறுதியானது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்பீடு தேவையில்லை.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பர் 24 அன்று வ.உ.சி. விடுதலையானார். நாலே முக்கால் வருடம் உள்ளே இருந்திருக்கிறார். சிவாவும் அதே ஆண்டு வெளியே வந்திருந்தார், சிறையில் பற்றிய தொழுநோயோடு. தூத்துக்குடியில் கப்பல் இல்லை, கம்பெனி இல்லை. வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப முடியாமல் சென்னையில் குடியேறினார். மளிகை, மண்ணெண்ணெய் என்று சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். ஒரு காலத்தில் கப்பல் வாங்கியவர், கடையில் எண்ணெய் அளந்தார்.

அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருடைய நிலையைக் கேள்விப்பட்டுப் பணம் திரட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். அந்தப் பணம் காந்தி மூலமாக வர வேண்டியிருந்தது. 1915இல் இந்தியா திரும்பிய காந்திக்கும் வ.உ.சி.க்கும் இதைப் பற்றிக் கடிதங்கள் போய் வந்தன. மாதங்கள் ஓடின. கடைசியில் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தேடி எடுத்து, அந்தத் தொகையைத் தலைப்பிலேயே வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

347 ரூபாய் 12 அணா. முழு எண்ணாக ஒருத்தர் கொடுத்த காசு மாதிரி இல்லை இது. பலர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்ந்த காசு மாதிரி இருக்கிறது. 25 ரூபாய்ப் பங்கை ஊர் ஊராக விற்றவருக்கு அந்தக் கணக்கு பழகியதாகவே இருந்திருக்கும்.

சென்னையிலும் கோவையிலும் இருந்த காலத்தில் தொழிற்சங்க வேலைகளில் ஈடுபட்டார். 1920இல் கல்கத்தா சிறப்பு மாநாட்டுக்குப் பிறகு, காந்தியின் ஒத்துழையாமை வழியை ஏற்க முடியாமல் காங்கிரசிலிருந்து விலகினார். நீதிபதி வாலஸ் உதவியால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்! கோவில்பட்டியில் கொஞ்ச காலம் வக்கீல் தொழில். பிறகு தூத்துக்குடி. இடையில் தொல்காப்பியம் இளம்பூரணர் உரைப் பதிப்பு, திருக்குறள் உரை என்று தமிழ் வேலையையும் விடவில்லை.

வருமானம் மட்டும் பழைய நிலைக்கு வரவே இல்லை. அவருடைய உயிலில் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. யாருக்கு என்ன தர வேண்டும் என்பதில் அவருக்கு மறதி கிடையாது.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. கட்சியை விட்டுப் பிரிந்தவர், கடைசி நேரத்தில் அங்கே இருக்கத்தான் ஆசைப்பட்டார்.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. இன்று கப்பல்கள் தளத்திலேயே வந்து நிற்கின்றன. பல மைல் தள்ளி நின்ற காலியாவுக்கும் லாவோவுக்கும் மூட்டை ஏற்றிப் போன தோணிக்காரர்களின் பெயர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?